குடும்பக் காரும் கூலிக் குடும்பமும்

1957-ஆம் ஆண்டு, கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் பிறந்தது அம்பாசடர். குடும்பக் கார் என்று கொண்டாடினர். எந்தக் குடும்பத்தின் கார்?

அதே ஆண்டில், 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு, உழைப்பவன் குடும்பத்தின் தேவையை அளந்தது. உண்ண, வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி; உடுக்க, நால்வருக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி; குடியிருக்க வாடகை; விறகுக்கும் விளக்குக்கும் பிறவற்றுக்கும் கூலியில் நூற்றுக்கு 20. குறைந்தபட்சக் கூலிக்கு இதுவே அளவுகோல் என்றது.

அளந்தார்கள், அளித்தார்களா? 1959-இல் இரண்டாவது ஊதியக் குழு அந்த அளவை ஏற்க மறுத்து, மத்திய அரசின் கடைநிலை ஊழியருக்கு 80 ரூபாய் போதுமென்றது!

பிள்ளையின் படிப்புக்கும் பிணிக்கு மருந்துக்கும் அந்த அளவுகோலில் தனி இடமில்லை. அவற்றையும் சேர்த்திடுக என்று உச்சநீதிமன்றம் உரைத்தது 1991-இல். இடையே கழிந்தவை 34 ஆண்டுகள்! படிக்க வேண்டிய பிள்ளை அதுவரை காத்திருக்குமா?

2014-இல் அம்பாசடர் உற்பத்தி நின்றது. உழைப்பவன் ஓட்டம் நின்றதா? உத்தர்பாரா தொலைவில் இருக்கட்டும். நமது புளியங்குடி எலுமிச்சைச் சந்தைக்குச் செல்லுங்கள். மூட்டை சுமக்கும் தோழனின் கூலியை அந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். குறைந்தால், குறைந்த தொகையைக் கேளுங்கள். அது சலுகையன்று, 1957-லேயே ஒப்புக்கொண்ட கடன்!