ஹாலில் அடைமழை, பின்ரூமில் தூறல்

"நெட் ஸ்லோடா மச்சி" என்ற புலம்பல் கேட்காத நாள் நம் கேண்டீனில் உண்டா? அடுத்த வார்த்தையே கம்பெனிக்காரனுக்கு அர்ச்சனைதான். நானும் ஒரு வருஷம் திட்டினேன். இப்போது வாபஸ் வாங்குகிறேன்.

கோவளத்தில் எங்கள் வீடு ரயில்பெட்டி மாதிரி நீளம். முன்னால் ஹால், நடுவில் சமையலறை, கடைசியில் தங்கையும் நானும் படிக்கிற அறை. கனெக்‌ஷன் கொடுக்க வந்த அண்ணன் வாசல் ஜன்னல் வழியாக வயரை இழுத்து, டி.வி.க்குப் பின்னால் மோடத்தை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அவருக்கு அது வசதி. ஏன் அங்கே என்று யாரும் கேட்கவில்லை, இ.சி.இ. படிக்கிற நான் உட்பட! அப்பா மேட்ச் பார்க்கிற இடத்தில் நெட் பறந்தது. பிளஸ் டூ படிக்கிற தங்கைக்கு வீடியோ பாடம் சுற்றிக்கொண்டே நின்றது. ராத்திரியில் அவள் ஹாலுக்கு வந்து, டி.வி. சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு படிப்பாள். அரையாண்டில் கணக்கு மார்க் இறங்கின பிறகுதான் எனக்கு உறைத்தது.

லேபில் மல்டிமீட்டர் வைக்காமல் எதையும் தொடமாட்டோம். வீட்டில் மட்டும் அளக்காமலே தீர்ப்பா?

முதலில் மோடத்தில் நேராகக் கேபிள் சொருகி லேப்டாப்பில் பார்த்தேன். 100 எம்பிபிஎஸ் பிளானுக்கு 94 வந்தது. ஆக, கம்பெனி நிரபராதி. பிறகு போனில் சிக்னல் பார்த்தால், ஹாலில் மைனஸ் 45 டிபிஎம், பின்ரூமில் மைனஸ் 78. வித்தியாசம் 33 டெசிபல். மூன்று டெசிபல் குறைந்தாலே பவர் பாதி என்று படித்திருக்கிறோமே, 33 குறைந்தால் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான் மிச்சம்! திருடன் யார்? தாத்தா கட்டின ஒன்றரைக் கல் சுவரும், அதை ஒட்டி நிற்கிற இரும்பு பீரோவும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் திணறும். 2.4 ஓரளவு நுழையும், ஆனால் தெருவே அதில்தான் நெருக்கியடிக்கிறது.

"300 பிளானுக்கு மாத்துடா" என்றார் மாமா. அடைத்த குழாய்க்குப் பெரிய தொட்டி வைத்து என்ன பயன்? நான் மட்டும் என்ன கெட்டிக்காரனா? பூஸ்டர் வாங்கிப் பின்ரூமிலேயே மாட்டினேன். பட்டினி கிடப்பவன் பந்தி பரிமாறின கதைதான். பாதி வழியில் மாட்டியிருக்க வேண்டும். அப்போதும் வாங்கின அலைவரிசையிலேயே திருப்பி அனுப்புகிற ரகத்தில் வேகம் பாதியாகும்.

சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்டு 2020 ஆகஸ்டில் திறந்தார்கள். கேபிளுக்குக் கடலே தடையில்லை, காற்றில் போகிற சிக்னலுக்கு எங்கள் பீரோ தடை! எனவே கேட்-5இ கேபிள் 18 மீட்டர் வாங்கினேன் (100 மீட்டர் வரை தாராளமாகப் போகலாம்). கரண்ட் வயர் போகிற பைப்பில் சேர்க்காமல் தனியாக இழுத்து, பரணில் கிடந்த பழைய ரூட்டரின் லேன் போர்ட்டில் சொருகினேன். அதில் டிஹெச்சிபியை அணைத்து, ஐபியை மாற்றினேன். பின்ரூமில் எழுபதுக்குக் குறையவில்லை. ஒன்றே ஒன்று, எங்கள் ஊர் உப்புக்காற்றில் பிளக் பின் பச்சை பூக்கும், அப்பப்போ பார்க்கணும்.

மோடம் எங்கே என்பதை வயர் இழுப்பவர் முடிவு செய்யக்கூடாது, அந்த வீட்டில் படிக்கிற பிள்ளை முடிவு செய்யணும். இதுதான் என் கட்சி. வயர் வருகிற அன்றைக்கே பக்கத்தில் நின்று, "அண்ணே, நடு வீட்டுல வைங்க" என்று சொல்ல என்ன தயக்கம்?

கிரிம்பிங் டூல் என்னிடம் இருக்கு. உங்கள் வீட்டுக்கு வரணும்னா ஒரு டீ போதும். தங்கை இப்போது பின்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறாள். அப்பா டி.வி. சத்தத்தை மறுபடி ஏற்றிவிட்டார்.