பென்சில் பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும்

நம் பெற்றோர்க்குப் பிள்ளைகளின் கல்வியில் அக்கறை இல்லை என்னும் பழைய குற்றச்சாட்டை நாம் ஏற்பதற்கில்லை. விடியுமுன் எழுந்து பிரட்டுக்குச் சென்று, வேலை முடிந்து களைத்துத் திரும்பிய பின்னரும் பிள்ளையின் புத்தகப் பையைத் திறந்து பார்க்கும் தாய்மாரையும் தந்தையரையும் நாம் அறிவோம். அக்கறை நிரம்ப உண்டு. அது எவ்வழியில் செல்கிறது என்பதே நம் கவலை.

மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் 402இலிருந்து 157ஐக் கழிக்க வேண்டும் என்று கொள்வோம். பத்தின் இடத்தில் சுழியம் நிற்கிறது. எங்கே கடன் வாங்குவதென்று தெரியாமல் விழிக்கிறான். சற்றுப் பொறுத்திருந்தால் நூற்றின் இடத்திற்குச் செல்ல வேண்டும் என்பது அவனுக்கே புலப்படலாம். அருகில் இருக்கும் தந்தைக்கோ பொறுமை இல்லை. பென்சிலைப் பிடுங்கித் தாமே 245 என்று எழுதிவிடுகிறார். போதாக்குறைக்குத் தலையில் ஒரு குட்டு! மறுநாள் ஆசிரியர் சரியென்று குறியிடுகிறார். பிள்ளைக்கு அக்கணக்கு வராது என்பது அவருக்குத் தெரியாமலே போகிறது.

பால்மரம் வெட்டியவர்களுக்கு நாம் இதனை விளக்க வேண்டுவதில்லை. ஆழமாக வெட்டினால் மரம் காயப்படும். பின்னர் வளரும் புதுப்பட்டை மேடு பள்ளமாகிவிடும். அளவோடு வெட்டிவிட்டு, மங்கில் பால் சொட்டும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். மரத்திற்குக் காட்டும் பொறுமையைப் பிள்ளைக்குக் காட்டத் தயங்குவது ஏனோ!

தேர்வின்மீது பழி போடுவோரும் உளர். 1988இல் தொடங்கிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு ஏசும் வழக்கம் மட்டும் அகன்றபாடில்லை.

தமிழ்ப்பள்ளிப் படிப்பு ஆறாம் ஆண்டோடு முடிகிறது. இடைநிலைப்பள்ளியில் பெரும்பாலான பாடங்களை மலாய்மொழியில் கற்க வேண்டும். பாடங்களும் பெற்றோர் பலர் கைவைக்க இயலாத அளவுக்குக் கடினமாகிவிடுகின்றன. அதுவரை ஒவ்வோர் அடியையும் பிறர் கைப்பிடித்தே நடந்தவன் அங்கே யாரைத் தேடுவான்? தெரியாது என்று சொன்னால் குட்டு விழும் எனப் பழகியவன், புதிய ஆசிரியரிடமும் வாய் திறக்கமாட்டான். பேசாதிருந்து, பின்தங்கி, ஒருநாள் பள்ளிக்கே செல்லாமல் நின்றுவிடுவான். "அவனுக்குப் படிப்பு ஏறவில்லை" என்று ஊரும் சொல்லிவிடும். நாம் அஞ்சுவது இதற்கே.

அப்படியானால் பிள்ளையை அவன் போக்கில் விட்டுவிடுவதா எனச் சிலர் கேட்கக்கூடும். அன்று. பள்ளிக்கு மட்டம் போட்டால் கண்டிக்கத்தான் வேண்டும். கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்றால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லத்தான் வேண்டும். எத்தனை முறை படித்தும் எழுத்துகள் பிடிபடவில்லை எனின், ஆசிரியரிடம் மறைக்காமல் கூற வேண்டும். இவை பிள்ளையால் தனித்துச் செய்ய இயலாதவை, பெற்றோர் கடமை. கணக்கு அவன் செய்ய வேண்டியது.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர், தம்மால் உதவ இயலாதென்று ஒதுங்கிவிடுகின்றனர். உண்மையில் இவ்வுதவிக்குப் படிப்பு வேண்டியதில்லை. அரைமணி நேரம் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து துணி மடிக்கலாம், காய்கறி நறுக்கலாம். அவன் திகைத்து நிற்கும்போது, "எந்த இடத்தில் சிக்குகிறது, ஐயா? எனக்குச் சொல்லு பார்ப்போம்" என்று கேட்கலாம். சொல்லிக்கொண்டே வரும்போது அவனே வழியைக் கண்டுபிடிப்பதும் உண்டு. கண்டுபிடிக்காவிட்டால் விடை தவறாகவே பள்ளிக்கு வரட்டும். திருத்திக் கொடுக்க இங்கே ஆசிரியர்கள் இருக்கிறோம்.