நடந்தவர்களுக்கும் ஒரு மைல்கல்

வெள்ளிக்கிழமை இரவில் புறக்கோட்டையிலிருந்து ஹற்றனுக்குப் புறப்படும் பஸ்ஸில் இரண்டு விதமான இளைஞர்களைக் காணலாம். முதுகில் பெரிய பையும் காலில் கனத்த சப்பாத்துமாக ஏறுபவர்கள் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள். விடுமுறைக்கு மலையில் நடக்கப் போகிறார்கள். கடைப் பையை மடியில் வைத்தபடி தூங்கி வழிபவர்கள், அதே வெள்ளவத்தையில் புடவைக் கடையிலும் சாப்பாட்டுக் கடையிலும் வேலை செய்துவிட்டு லயத்து வீட்டுக்குத் திரும்பும் பிள்ளைகள். முன்னவர்கள் ஆசையோடு நடக்கப் போகும் பாதையில் பின்னவர்களின் தாய்மார் கொழுந்து மூட்டையோடு நாள்தோறும் நடக்கிறார்கள்.

அந்தப் பாதைக்கு இன்று பீக்கோ ட்ரெயில் என்று பெயர். கண்டி ஹந்தானையில் தொடங்கி, தேயிலை மலைகளையும் காடுகளையும் புல்வெளிகளையும் கடந்து, ஹப்புத்தளை, எல்ல வழியாகச் சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கு மேல். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் உதவி செய்தன. உல்லாசப் பயணிகள் வருகிறார்கள், ஊருக்கு நாலு காசு வருகிறது. இதில் நமக்கு ஆட்சேபணை ஏதுமில்லை. ஆனால் அந்த மலைக்கு அந்த மக்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று கேட்டால், அதற்கும் ஒரு பாதை இருக்கிறது. அதை அடையாளமிட்டுக் காக்க அரசு இன்னும் முன்வரவில்லை என்பதே நமது குறை.

1823இல் கம்பளைக்குப் பக்கத்தில் சின்னப்பிட்டியவில் கோப்பித் தோட்டம் தொடங்கியது. அதைத் தொடர்ந்து தமிழகத்தின் பஞ்சம் பிடித்த கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆள் கட்டி அனுப்பினார்கள். தோணியில் பாக்கு நீரிணையைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். கோப்பி பருவப் பயிர் என்பதால் பழம் பறித்து முடிந்ததும் பலர் அதே வழியாகத் திரும்பியும் நடந்தார்கள். கொலராவும் காய்ச்சலும் வயிற்றோட்டமும் வழியிலேயே பலரை வாரிக்கொண்டு போயின. விழுந்தவரைப் புதைக்கவும் நேரமின்றி மற்றவர்கள் நடந்தார்கள். அவர்கள் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை.

எழுதி வைக்கப்பட்ட பெயர்கள் வேறு. லூல்கந்துர தோட்டத்துக்குப் போனால், 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலர் உட்கார்ந்த கல்லிருக்கையைக் காட்டுவார்கள். ஹப்புத்தளைக்கு மேலே லிப்டன் உட்கார்ந்து தோட்டத்தைப் பார்த்த மேடு இருக்கிறது. அதற்குப் பெயரே லிப்டன் சீற். உட்கார்ந்தவர்களின் இடங்களைப் பத்திரமாக வைத்திருக்கும் நாடு, நடந்தவர்களின் வழியை மறந்துவிட்டது.

அதை நினைவூட்டியவர்கள் மலையக மக்களும் அவர்களோடு நின்ற சிவில் அமைப்புகளும்தான். மலையகத்தின் 200ஆம் ஆண்டான 2023இல், ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் புறப்பட்டவர்கள் 16 நாள் நடந்து ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்தார்கள். ஏறக்குறைய 250 கிலோமீற்றர். காணி, வீடு, நியாயமான சம்பளம், சமமான குடியுரிமை என்று கோரிக்கைகளை முன்வைத்தார்கள். நடை முடிந்தது, படங்கள் பத்திரிகைகளில் வந்தன, பாதை மறுபடியும் வெறும் வீதியாகிவிட்டது.

மன்னாரிலிருந்து மாத்தளைக்கு அவர்கள் நடந்த இந்த வடக்குப் பாதையை அரசு தேசிய மரபுரிமை நடைபாதையாகப் பிரகடனம் செய்ய வேண்டும் என்பது நமது கோரிக்கை. இதற்காகக் காட்டை வெட்டவோ புதிய வீதி போடவோ தேவையில்லை. யானை நடமாடும் இடத்தில் புதிய வழி திறப்பது தவறும்கூட. இருக்கிற வீதிகளையும் கிராமப் பாதைகளையும் ஒட்டி, ஒரு நாள் நடைத் தூரத்துக்கு ஒன்றாக மும்மொழியிலும் மைல்கல் நட்டால் போதும். நிழலுக்கு ஒரு மடம், குடிக்கத் தண்ணீர், இரவு தங்க ஓரிடம் வேண்டும். மன்னார், மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை என மூன்று மாகாணங்களைத் தொடும் பாதை இது. தமிழ், முஸ்லிம், சிங்கள ஊர்கள் மூன்றையும் கால்நடையாக இணைக்கும் வழி இந்த நாட்டில் வேறெத்தனை இருக்கிறது?

வயிற்றுக்கு இல்லாதவனுக்கு நினைவுக்கல் எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1,000 ரூபா நாட்சம்பளத்துக்கே பல ஆண்டுகள் போராடிய மக்கள் அவர்கள். ஏழு பேர்ச் காணிக்கும் உறுதிப் பத்திரத்துக்கும் இன்னும் காத்திருப்பவர்கள். மைல்கல் காணியாகாது என்பது உண்மை. ஆனால் 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை எந்த வாதத்தால் நாடற்றவர்களாக்கியது? இந்த மண்ணோடு உங்களுக்கு என்ன தொடர்பு என்ற வாதத்தால்தான். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் லட்சக்கணக்கானோரைக் கணக்குப் போட்டுப் பிரித்ததும் அதே நினைப்பில்தான். அந்தக் கேள்விக்கு மன்னாரிலிருந்து மாத்தளை வரை 250 கிலோமீற்றர் நீளத்துக்குப் பதில் கிடக்கிறது. காணி கேட்பவனுக்கு அதைவிடப் பழைய உறுதிப் பத்திரம் வேண்டுமா?

மொரீசியஸைப் பாருங்கள். ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் கரையிறங்கிய போர்ட் லூயிஸ் துறைமுகத்துக் கட்டடத்தை, ஆப்பிரவாசி காட் என்று பெயரிட்டு அந்நாடு பாதுகாத்தது. 2006இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக்கியது. அவர்கள் ஏறிய கற்படிகளே அங்கு காட்சிப்பொருள். ஒரு சிறு தீவு தன் கூலிகளின் படிக்கட்டைக் கொண்டாடும்போது, நமக்குத் தயக்கம் எதற்கு?

பீக்கோ ட்ரெயிலிலும் செய்ய வேண்டியது உண்டு. வழிகாட்டியும் தங்குமிடமும் தேநீர்க் கடையும் முதலில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும். கட்டந்தோறும் வைக்கும் பலகையில் துரைமாரின் கதையோடு, அந்தச் சரிவில் கல் சுமந்து பாதை வெட்டியவர்களின் கதையும் இருக்க வேண்டும். லயத்து வாசலைப் படம் பிடிக்கும் முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கும் பண்பை நடப்பவர்களும் பழக வேண்டும்.

கொழும்புத் தமிழருக்கும் இதில் பங்குண்டு. ஆடிவேல் இரதத்தின் பின்னால் காலி வீதியில் நடந்தவர்கள் நாம். கதிர்காமத்துக்குக் காட்டுவழியே பாத யாத்திரை போவோரைப் போற்றுபவர்களும் நாம்தான். இந்நகரின் பாடசாலைகளும் கோயில்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் ஆண்டுக்கு ஒருமுறை, ஆளுக்கு ஒரு நாள் தூரத்தைப் பொறுப்பேற்று நடக்கலாம். அரசு மைல்கல் நடும்வரை அந்தப் பாதையை உயிரோடு வைத்திருக்க அதுவே வழி. அடுத்த விடுமுறைக்கு எங்கே நடப்பது என்று யோசிக்கும் பிள்ளைகள், ஹற்றன் பஸ்ஸுக்குப் பதிலாக ஒருமுறை தலைமன்னார் ரயிலில் ஏறட்டும்.