கவாத்து

லாப்டாப்பில் 'டிஸ்க்கில் இடமில்லை' என்று எச்சரிக்கை வந்தபோது நான் கம்பத்தில், மாமாவின் திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூம் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். ஆபீஸில் 'வொர்க் ஃப்ரம் ஹோம்' என்று சொல்லிவிட்டு வந்து மூன்று நாள். 256 ஜி.பி. டிஸ்க்கில் மிச்சம் 400 எம்.பி.

சினிமா எதுவும் வைத்திருக்கவில்லை, சத்தியமாக. (சரி, ஒன்றிரண்டு.) குற்றவாளி 'நோட் மாட்யூல்ஸ்' என்கிற ஃபோல்டர். ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிற அன்பர்கள் இந்த இடத்தில் பெருமூச்சு விடலாம். மற்றவர்களுக்கு: நாம் எழுதுவது நூறு வரி. அதற்கு வேண்டிய சாமான்களை யார் யாரோ ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார்கள். 'என்பிஎம் இன்ஸ்டால்' என்று அடித்தால் கேட்டது வரும், அதற்கு வேண்டியது வரும், அந்த அதற்கு வேண்டியதும் வரும். பெண் பார்க்க நாலு பேரைக் கூப்பிட்டால் வேன் நிறைய வந்து இறங்குகிற கதை. அதிலும் ப்ராஜெக்டுக்கு ஒரு வேன். நோடை 2009-ல் உருவாக்கிய ரயன் டாலே, 2018-ல் பெர்லினில் மேடையேறி 'நான் வருந்தும் 10 விஷயங்கள்' என்று சொன்னபோது இந்த ஃபோல்டரையும் சேர்த்துக்கொண்டார்.

இதற்கு 'என்பிகில்' என்று ஓர் இலவச மருந்து உண்டு. கறுப்புத் திரையில் 'என்பிஎக்ஸ் என்பிகில்' என்று அடித்தால், நாம் நிற்கும் ஃபோல்டரிலிருந்து உள்ளே உள்ளே போய், எத்தனை நோட் மாட்யூல்ஸ், ஒவ்வொன்றும் எவ்வளவு கனம் என்று வரிசையாகக் காட்டும். அம்புக்குறியால் நகர்ந்து ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஆள் காலி. குப்பைத் தொட்டிக்கெல்லாம் போகாது, நேரே பரலோகம்.

தட்டினேன். தட்டத் தட்ட சுகமாக இருந்தது. மாமா எட்டிப் பார்த்தார்.

"என்ன மாப்ளே, எல்லாத்தையும் அழிக்கிற?"

"திரும்ப வந்துரும் மாமா. என்னென்ன வேணும்னு ஒரு குட்டி ஃபைல்ல லிஸ்ட் இருக்கு. அது பத்திரமா இருந்தா போதும்."

"கவாத்து பண்றேன்னு சொல்லு." தலைக்கு மேல் பந்தலைக் காட்டினார். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே பன்னீர் திராட்சை. "ஆனா கணு பாத்து வெட்டணும்டா."

எனக்குக் கணு எதற்கு? 31 ஜி.பி. மிச்சம்!

சாயங்காலம் வியாபாரி வந்தார். மாமாவுக்கு இரண்டு வருஷம் முன்பு நான்தான் பில் போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். "பில்லைப் போடு மாப்ளே" என்றார் பெருமையாக. போன் ஹாட்ஸ்பாட்டில் மறுபடி இன்ஸ்டால். ஒரு கோடு சிக்னலில் இருபது நிமிஷம். பில் வந்தது. தமிழ்தான் வரவில்லை. 'பெட்டி'யில் கொம்பு முன்னால் நிற்காமல் 'ப'வுக்குப் பின்னால் போய் நின்றது. வியாபாரி தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

அப்புறம்தான் உறைத்தது. பி.டி.எஃப். போடும் லைப்ரரி தமிழைக் குதறுகிறது என்று, நோட் மாட்யூல்ஸுக்குள்ளேயே புகுந்து நானே 14 வரி சேர்த்திருந்தேன். லிஸ்ட்டில் அது எப்படி இருக்கும்? அந்த ஃபோல்டரை கிட்டில் சேர்க்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். அங்கேயும் இல்லை. 2016 மார்ச்சில் 'லெஃப்ட் பேட்' என்கிற 11 வரி சமாசாரத்தை அதன் ஆசிரியர் கோபத்தில் வாபஸ் வாங்கி, உலகம் பூரா ப்ராஜெக்டுகள் படுத்ததே, அந்த மாதிரி. இங்கே கோபித்துக்கொள்ளக்கூட ஆளில்லை, நான்தான்.

ராத்திரி இரண்டு மணி வரை ஞாபகத்திலிருந்து எழுதினேன். இந்தத் தடவை 'பேட்ச் பேக்கேஜ்' என்ற சாதனத்தால் என் திருத்தத்தைத் தனி ஃபைலாக ப்ராஜெக்டிலேயே போட்டு, கிட்டிலும் ஏற்றினேன். இன்ஸ்டால் முடிந்ததும் தானே ஒட்டிக்கொள்ளும்.

காலையில் மாமாவிடம் பெருமையாகக் காட்டினேன். தலையாட்டினார். முந்தின நாள் வியாபாரிக்குக் கையால் பில் எழுதிக் கொடுத்த நோட்டு மேஜைமேல் இருந்தது.

"மாப்ளே, அந்த ஸ்பேஸ் பார் இதையும் அழிக்குமா?"

"அழிக்காது மாமா."

"அப்ப இது இங்கயே இருக்கட்டும்" என்று லாப்டாப்பின் மேலேயே தூக்கி வைத்தார்.