பேர் தெரியாத கீரை பானையில் ஏறலாகாது!

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழி வெயில் தலை காட்டியதும், காரைக்கால் பக்கத்து மண்டபத்தூரில் காசில்லாத கீரைக்கடை ஒன்று திறந்துவிடும்! உப்புத் தரையில் உமிரி. வரப்போரத்தில் குப்பைக்கீரை, பண்ணைக்கீரை, பொன்னாங்கண்ணி. வேலியில் முடக்கத்தானும் கோவையும். எல்லாம் யாரும் விதைக்காமல் விளைந்தவை. ஆனால் கடைக்காரர் இல்லாத கடையில், எடுக்கிறவர்தானே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

முதல் விதி: பெயர் தெரியாததைப் பறிக்காதீர்கள். "அதுபோலத்தானே இருக்கிறது!" என்ற துணிச்சல் பொல்லாதது. செங்காந்தளையே பாருங்கள். தமிழ்நாட்டின் மாநில மலர். வேலிகளில் அழகாகப் படரும். அதன் கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று நம்பி அவித்துத் தின்று இறந்தவர்கள் இலங்கையில் உண்டு. அதிலுள்ள கால்ச்சிசின் என்னும் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. இலை நுனி சுருண்டு கொம்பைப் பற்றிக்கொள்ளும். கிழங்கு கலப்பைபோல் வளைந்திருக்கும். அதனால்தான் நம் முன்னோர் கலப்பைக் கிழங்கு என்றார்கள். பெயரிலேயே அடையாளத்தையும் முடிந்து வைத்திருக்கிறார்கள், பார்த்தீர்களா?

இரண்டாவது: இடம் பாருங்கள். சாக்கடை ஓரம், வண்டிகள் ஓடும் சாலை ஓரம், மருந்து தெளித்த வயல் வரப்பு ஆகிய மூன்றும் வேண்டாம். அடுத்தவர் நிலமானால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: நுனியைக் கிள்ளுங்கள், வேரோடு பிடுங்காதீர்கள். ஒரே செடியை மொட்டை அடிக்காமல் பத்துச் செடியில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். கீரை பறித்து விற்றுப் பிழைக்கும் ஏழைப் பெண்களும் அதே வரப்புக்குத்தான் வருவார்கள்.

நான்காவது: சமையலில் நிதானம். உமிரியை வேகவைத்து, தண்ணீரை வடித்துப் பிழிந்த பிறகே பருப்பில் சேருங்கள். உப்பைக் கடைசியில், ருசி பார்த்த பிறகு போடுங்கள். பெரும்பாலும் தேவையே இராது! இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு உமிரி ஆகாது. சிறுநீரகக் கல் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்காமல் காட்டுக்கீரை எதையும் தொட வேண்டாம்.

ஐந்தாவது: புதுக் கீரையானால் முதல் நாள் பெரியவர்கள் மட்டும் ஒரு கைப்பிடி சாப்பிடுங்கள். சமைக்காத கொத்து ஒன்றைத் தனியே எடுத்து வையுங்கள். வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்டால் கஷாயம் காய்ச்சிக் காலம் கடத்தாமல், அந்தக் கொத்தையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். என்ன தின்றோம் என்று டாக்டருக்குத் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பெயரை எங்கே கற்பது என்கிறீர்களா? சாரணையையும் மூக்கிரட்டையையும் படம் பார்த்துப் பிரிப்பது படித்தவர்களுக்கே கஷ்டம். உங்கள் தெருவிலேயே ஒரு பாட்டி இருப்பார். எட்டி நின்றே இரண்டையும் பிரித்துச் சொல்வார். அவர் கண் மங்குவதற்குள், உங்கள் பெண்ணையும் அழைத்துக்கொண்டு அவர் பின்னால் ஒரு நாள் வரப்புக்குப் போய் வாருங்கள். கூடை நிறையாவிட்டாலும் பரவாயில்லை. நாலு பெயர் தெரிந்துகொண்டு வந்தால் போதும்.