ரீலோட் கடைக்குப் போகுமுன்...

 

கிழக்கு மாகாணத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் என் மேசையில் இருக்கிறது. கணவர் துபாயில் சாரதியாக இருக்கிறார். மூன்று பிள்ளைகள், மூத்தவன் சாதாரண தரம் படிக்கிறான். அவர் எழுதுகிறார்: "மௌலவி, மாதம் முடியுமுன் ரீலோட்டுக்கு மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல் போய்விடுகிறது. அவர் அங்கிருந்து கோல் எடுத்தால் பத்து நிமிடத்தில் அறுந்து விடுகிறது. நான் அனுப்பும் காசெல்லாம் எங்கே போகிறது, யாரோடு கதைக்கிறாய் என்று போன கிழமை கேட்டு விட்டார். அல்லாஹ் அறிய நான் வீணாக ஒன்றும் செய்யவில்லை. இதற்கு என்ன பதில் சொல்வது?"

கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். இப்படி ஒரு கேள்வி ஒரு குடும்பத்துக்குள் வந்து விட்டால் அது ரூபாய்க் கணக்கோடு நிற்பதில்லை. எனவே "பொறுமையாக இருங்கள் தங்கச்சி" என்று நாலு வரி எழுதி முடித்து விட மனம் வரவில்லை. மகனிடம் சொல்லி, அந்தக் கைத்தொலைபேசிக்கு ஒரு மாதத்தில் எந்தெந்த நாளில் எவ்வளவு ரீலோட் போட்டார்கள், எந்தப் பொதியை வாங்கினார்கள் என்பதை ஒரு கொப்பியில் எழுதி அனுப்பும்படி கேட்டேன். பிள்ளை கெட்டிக்காரன். அழகாகக் கோடு கீறி எழுதி அனுப்பியிருந்தான். அதைப் பார்த்ததும் பாதி விடயம் விளங்கி விட்டது.

அவர்கள் வாங்கி வந்தது வட்ஸ்அப்புக்கு மட்டுமான பொதி. "குறைந்த விலை, மாதம் முழுக்கக் கதைக்கலாம்" என்று கடையில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சொன்னது பொய்யல்ல. ஆனால் ஐக்கிய அரபு அமீரகத்தில் வட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாமே தவிர, அதன் வழியாகக் கதைக்க அந்நாட்டில் இடமில்லை. அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலிகள் வழியாகத்தான் அங்குள்ளோர் ஊருக்குக் கதைக்கிறார்கள். இந்தச் சகோதரியின் கணவரும் அப்படித்தான். வட்ஸ்அப் பொதியில் போட்டிம் அடங்காது. ஆகவே அவர் அழைக்கும் ஒவ்வொரு இரவும் இங்கே பொதியிலிருந்து ஒரு துளியும் குறையாமல், கைத்தொலைபேசியில் கிடந்த மிகுதிப் பணம் பொதியில்லாத சாதாரண கட்டணத்தில் கரைந்திருக்கிறது. பணம் முடிந்ததும் அழைப்பு அறுந்திருக்கிறது. வாங்கிய பொதியோ முக்கால்வாசி மீதமிருக்கும்போதே முப்பது நாள் முடிந்து காலாவதியாகியிருக்கிறது.

இங்கே இன்னொரு தவறான எண்ணத்தையும் சொல்ல வேண்டும். நமது நாட்டில் சாதாரண தொலைபேசி அழைப்பை எடுப்பவருக்குச் செலவில்லை; அழைப்பவருக்கே செலவு. அந்தப் பழக்கத்தில், "அவர்தானே எடுக்கிறார், நமக்கென்ன" என்று பலரும் நினைக்கிறார்கள். இணையத்தின் வழியாக வரும் அழைப்பு அப்படியல்ல. அங்கே அவருடைய டேட்டாவும் போகும், இங்கே உங்களுடைய டேட்டாவும் போகும். முகம் பார்த்துக் கதைத்தால் இன்னும் அதிகம்.

எவ்வளவு அதிகம்? குரல் மட்டும் போகும் அழைப்புக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய அரை எம்.பி. என்று வைத்துக் கொள்ளலாம். முகம் பார்த்துக் கதைத்தால் நிமிடத்துக்கு ஐந்து எம்.பி. அளவு போகும், தொலைபேசிக்கும் தொடர்பின் தரத்துக்கும் ஏற்பக் கூடிக் குறையும். தினமும் அரை மணி நேரம் என்றால் குரலுக்கு 15 எம்.பி., முகம் பார்க்க 150 எம்.பி. முப்பது நாளைக்கு முன்னையது 450 எம்.பி., பின்னையது நாலரை ஜீ.பி. பிள்ளைகள் வாப்பாவின் முகத்தைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. முதல் பத்து நிமிடம் முகம் பார்த்து விட்டு, வீட்டுச் சங்கதிகளைக் குரலில் கதைத்தால் செலவு பாதிக்கும் கீழே இறங்கி விடும். அவ்வளவுதான்.

ஆக, பொதி தெரிவு செய்வதற்கு முன் விலைப் பட்டியலைப் பார்ப்பது தலைகீழான வேலை. முதலில் நம் வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். கைத்தொலைபேசியின் அமைப்புகளுக்குள் டேட்டா பாவனை என்று ஒரு பகுதி இருக்கிறது. எந்தச் செயலி எவ்வளவு எடுத்தது என்று அது வரிசையாகக் காட்டும். பெரும்பாலான வீடுகளில் முதலிடம் யூடியூப்புக்கு. 360 என்ற தரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் 300, 400 எம்.பி. போகும், 720 என்ற தரத்தில் அதே ஒரு மணி நேரம் ஒரு ஜீ.பி.யைத் தாண்டலாம். உள்ளங்கை அளவு திரையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் என் கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணாடி போட்டவன் பேச்சு என்று இளைஞர்கள் சிரிக்கக் கூடும். ஒலி மட்டும் கேட்பவர்களுக்குச் செலவு மிகக் குறைவு: 64 கிலோபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் கிராஅத் கேட்டால் 29 எம்.பி.தான். அதையே படத்தோடு யூடியூபில் போட்டு, தொலைபேசியைக் கவிழ்த்து வைத்து விட்டுக் கேட்கிறோமே, அப்போது பத்து மடங்குக்கும் மேல் போகிறது.

நாம் தொடாமலேயே போவதும் உண்டு. குடும்பக் குழுமத்தில் ஜும்ஆ முபாரக் என்று வரும் படங்களும், யாரோ அனுப்பும் வீடியோக்களும் தாமாகவே இறங்கிக் கொண்டிருக்கும். வட்ஸ்அப்பின் அமைப்புகளில் இந்தத் தானியங்கிப் பதிவிறக்கத்தை நிறுத்தலாம். அழைப்புக்குக் குறைந்த டேட்டா பாவிக்கும்படி சொல்லவும் அங்கேயே இடமுண்டு. செயலிகளின் புதுப்பிப்பை வைஃபை கிடைக்கும் இடத்துக்கு மட்டும் என்று ஆக்கி விடுங்கள்.

இவற்றைச் செய்து ஒரு மாதப் பாவனையைக் கண்ட பிறகுதான் கடைக்குப் போக வேண்டும். அங்கே கேட்க வேண்டியவை சில. இந்த ஜீ.பி. எந்நேரமும் பாவிக்கக் கூடியதா, அல்லது ஒரு பகுதி நள்ளிரவுக்குப் பின் மட்டுமா? "40 ஜீ.பி." என்று பெரிதாக எழுதியிருக்கும், அதில் பெரும் பகுதி நாம் உறங்கும் நேரத்துக்குரியதாக இருந்தால் நமக்கு அது 40 அல்ல. குறிப்பிட்ட செயலிக்கு மட்டுமென்றால் எந்தச் செயலி? முகநூல் பொதி வாங்கியவர் முகநூலில் கண்ட ஒரு செய்தித் தளத்தைத் திறந்தால், அது பொதிக்கு வெளியே போய் விடுகிறது. எல்லையற்றது என்றால் எத்தனை ஜீ.பி.க்குப் பின் வேகம் குறையும்? வரி சேர்த்த விலையா? 2022 செப்டெம்பரில் கைத்தொலைபேசிக் கட்டணங்கள் 20 சதவீதம் கூடின; 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாயிற்று. பழைய விலையை மனதில் வைத்துக் கொண்டு "போன முறை இவ்வளவுதானே" என்று கடைக்காரப் பையனோடு வாதாடுவதில் பயனில்லை.

ஒரு நாள் பொதிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கையில் நூறு ரூபா இருக்கும்போது நூறு ரூபாவுக்குத்தானே வாங்க முடியும்? இது ஏழைகளின் கஷ்டம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கணக்கு இதுதான்: ஒரு நாளைக்கு அறுபது ரூபா என்று ஒரு பேச்சுக்கு வைத்துக் கொண்டால், முப்பது நாளைக்கு 1800. அந்தத் தொகைக்கு மாதப் பொதியாக வாங்கினால் பெரும்பாலும் கூடுதல் டேட்டா கிடைக்கும். பாதி விலையுள்ள பொதியே போதுமாகவும் இருக்கலாம். சம்பளம் அல்லது வெளிநாட்டுப் பணம் வரும் கிழமையில் முதலிலேயே மாதப் பொதியை எடுத்து வைத்து விடுவது நல்லது. அன்றாடக் கூலிக்காரருக்கு ஏழு நாள் பொதி நடுவழி.

இனி, அந்தக் கொப்பியில் என் கண்ணில் குத்திய இன்னொன்று. மாதத்தில் எட்டுத் தடவை "கடன்" என்று மகன் எழுதியிருந்தான். மிகுதி முடிந்தால் நிறுவனமே சிறு தொகையைக் கடனாகத் தருகிறது. அடுத்த ரீலோட்டில் அதையும் ஒரு சேவைக் கட்டணத்தையும் கழித்துக் கொள்கிறது. இது கூடுமா என்று மத்ரஸாவில் மாணவர்களும் என்னிடம் கேட்பதுண்டு. பிற்கொடுப்பனவுக்கு ஒரு சேவையைக் கூடிய விலைக்கு விற்பதாக இதைக் கொள்ளலாம் என்போர் ஆலிம்களில் உள்ளனர். கொடுத்த கடனுக்கு மேலதிகமாக வாங்குவது வட்டியே என்போரும் உள்ளனர். நான் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இல்லை. ஆனால் நூறு ரூபாக் கடனுக்குப் பத்து ரூபாக் கட்டணம் என்று வைத்து, மூன்று நாளில் அது கழிந்தால், மூன்று நாளைக்குப் பத்து சதவீதம் ஆகிறது. பக்கத்து வீட்டு ராத்தாவிடம் நூறு ரூபா கைமாற்று வாங்கினால் அவர் நூறுதான் கேட்பார்.

என் கதையையும் சொல்லி விடுகிறேன். மற்றவருக்குப் புத்தி சொல்பவன் தன் குறையை மறைக்கக் கூடாது. சில வருடங்களுக்கு முன் என் தொலைபேசியிலும் தினமும் சில ரூபா குறைந்து கொண்டிருந்தது. வாடிக்கையாளர் சேவைக்கு எடுத்துக் கேட்டால், நான் நாளாந்த ராசிபலன் சேவைக்குச் சந்தாதாரராம்! ஏதோ ஒரு குறுஞ்செய்தி வந்தபோது கை தவறி அமத்தியிருக்கிறேன் போலும். தொலைபேசியில் மறுமுனையில் இருந்த பிள்ளை சிரிப்பை அடக்கிக் கொண்டு அதை நிறுத்தித் தந்தது. உங்கள் இலக்கத்தில் இப்படி என்னென்ன சேவைகள் ஓடுகின்றன என்று நிறுவனத்திடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். நாம் கேட்காதவற்றை நிறுத்தச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. அவர்கள் செவி சாய்க்காவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம்.

எந்த நிறுவனம் நல்லது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1989இல் செல்டெல் ஆரம்பித்த காலத்தில் கைத்தொலைபேசி பணக்காரர் பொருள். அந்த நிறுவனமே டிகோ, எடிசலாட் என்று பெயர் மாறி 2018இல் ஹட்ச்சோடு சேர்ந்தது. எயார்டெல் லங்கா 2024இல் டயலொக்கோடு இணைந்தது. இன்று டயலொக், மொபிட்டெல், ஹட்ச் என்ற மூன்றுக்குள்தான் நம் தெரிவு. எது நல்லது என்பதற்குக் கொழும்பில் ஒரு பதிலும் உங்கள் ஊரில் இன்னொரு பதிலும் இருக்கும். 2021இல் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது போஹிட்டியாவ என்ற கிராமத்துப் பிள்ளைகள் இணையம் தேடிக் காட்டு வழியே மலை உச்சிக்கு ஏறிப் போனார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு மலிவான பொதி கொடுத்திருந்தாலும் வீட்டுக்குள் என்ன பயன்? எனவே அயலவரின் சிம்மை ஒரு நாள் இரவல் வாங்கி, உங்கள் வீட்டுக்குள்ளேயே, அதுவும் ஊரார் எல்லாரும் பாவிக்கும் இரவு எட்டு, ஒன்பது மணிக்குப் போட்டுப் பாருங்கள். தகரக் கூரை வீடுகளில் முற்றத்தில் கிடைப்பது அறைக்குள் கிடைக்காது.

சகோதரிக்கு நான் எழுதியது இவ்வளவே: செயலிப் பொதியை விட்டு, எந்தச் செயலிக்கும் எந்நேரமும் பாவிக்கக் கூடிய முப்பது நாள் பொதியை எடுங்கள். உங்கள் கணக்குக்கு ஆறு ஜீ.பி. போதும். பொதி முடிந்ததாகச் செய்தி வந்தவுடன் டேட்டாவை நிறுத்தி விடுங்கள். இல்லாவிட்டால் மிகுதிப் பணத்தில் கை வைக்கும். மகன் எழுதிய கொப்பிப் பக்கத்தைப் படம் பிடித்து, ஒரு குறிப்பும் எழுதாமல், அப்படியே கணவருக்கு அனுப்புங்கள்.

அனுப்பியிருக்கிறார். இரண்டு கிழமைக்குப் பின் மகனிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. வாப்பா அந்தப் பக்கத்தைப் பார்த்து விட்டு அன்றிரவு அரை மணி நேரம் உம்மாவோடு கதைத்தாராம். என்ன கதைத்தார்கள் என்று அவனுக்குத் தெரியாதாம். ஆனால் அழைப்பு அறுபடவில்லை என்று எழுதியிருந்தான்.