தனியே வைத்த சீப்பு



சென்ற ஆண்டு வீடு மந்திரிக்கச் சென்றிருந்தபோது, ஓர் இல்லத்தில் கண்ணாடிக்குக் கீழே மூன்று சீப்புகள் ஒன்றாகவும், நான்காவது சன்னல் விளிம்பில் தனியாகவும் இருக்கக் கண்டேன். தனிச்சீப்பு மூத்த மகளுடையது. தலையணையும் துண்டும்கூட அவளுக்குத் தனி. அப்பெண் திருப்பலியில் கடைசி வரிசையில், முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு அமர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனைப் பக்தி என்றே எண்ணியிருந்தேன். என் பார்வையின் கூர்மை அவ்வளவுதான்.

“பொடுகுதான், சாமி. மூன்று வருடமாய்ப் போகவில்லை. சின்னவளுக்கும் ஒட்டிக்கொள்ளக் கூடாதே என்றுதான்...” என்றார் தாயார்.

எலுமிச்சைச் சாறு, வேப்பிலை, கடையில் விற்கும் பொடுகு ஷாம்பு, மருந்துக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்த களிம்பு எல்லாம் ஆயிற்று. முடிவில் வேளாங்கண்ணியில் மொட்டையும் போட்டார்கள். சவரக்கத்தி கீறிய இடங்களிலெல்லாம் சில வாரங்களில் புதிய படை எழுந்தது. நேர்ச்சையில் குற்றமில்லை. இந்நோய் உள்ளவர்க்குத் தோல் காயப்பட்ட இடத்திலேயே நோய் முளைப்பதுண்டு என்பதை அங்கே யாரும் அறிந்திருக்கவில்லை, நானும் அறியேன்.

தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குத் தாயும் மகளும் சென்றார்கள். மருத்துவர் தலையை மட்டும் பார்க்கவில்லை. காதுகளின் பின்புறம், முழங்கை, முழங்கால் என ஒவ்வொன்றாய்ப் பார்த்து, கைந்நகங்களில் ஊசிமுனை அளவில் விழுந்திருந்த குழிகளையும் பார்த்துவிட்டு, நோயின் பெயரைச் சொன்னார்: சொரியாசிஸ். சித்த மருத்துவர்கள் காளாஞ்சகப்படை என்பார்கள்.

நம் தோலின் மேலணுக்கள் புதிதாய்ப் பிறந்து உதிர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். இந்நோயில் உடலின் காப்பாற்றலே தவறாகத் தூண்டப்பட்டு, அவ்வேலை சில நாள்களிலேயே முடிந்துவிடுகிறது. உதிர நேரமின்றி அணுக்கள் அடுக்கடுக்காய்ச் சேர்ந்து, வெள்ளிநிறச் செதிலாகின்றன. பொடுகு பெரும்பாலும் எண்ணெய்ப் பசையுடன் மெல்லியதாய் உதிரும். இதுவோ தடித்து, உலர்ந்து, எல்லை தெளிவாய், நெற்றியில் முடி தொடங்கும் இடத்தையும் தாண்டி வரும். குழந்தைகளின் தலையில் காளான் கிருமியால் வரும் படையும் பார்வைக்கு இதைப் போன்றிருக்கலாம். அது ஒட்டக்கூடியது, அதன்மேல் ஸ்டீராய்டு களிம்பைத் தடவினால் முற்றிவிடும். ஆகவேதான் கடைக்காரரின் யூகம் போதாது.

சொரியாசிஸ் ஒட்டுநோய் அன்று. சீப்பாலும் பரவாது, தலையணையாலும் பரவாது.

லேவியர் நூலின் 13ஆம் அதிகாரம், தலையிலும் தாடியிலும் தோன்றும் நோயைக் குரு பார்த்துத் தீர்ப்புரைக்க வேண்டும் என்கிறது. அங்கே தொழுநோய் என்று நாம் படித்துவந்த எபிரேயச் சொல், துணியிலும் வீட்டுச் சுவரிலும் படியும் கறைக்கும் வழங்குவது. இன்றைய தொழுநோயை மட்டும் குறிப்பதன்று. ஐரோப்பாவிலும் இவ்விரு நோய்களையும் நெடுங்காலம் குழப்பினார்கள். வியன்னா மருத்துவர் ஃபெர்டினாண்டு ஹெப்ரா 1841இல் இரண்டும் வேறு வேறு எனத் தெளிவுறக் காட்டினார். (தொழுநோயும் இன்று மருந்தால் குணமாவதே, அதற்காகவும் யாரையும் ஒதுக்க நியாயமில்லை.) இக்காலத்தில் தலையைப் பார்க்க வேண்டியவர் குருவல்லர், தோல் மருத்துவர்.

முற்றிலும் ஒழிக்கும் மருந்து இன்னும் இல்லை. 2014இல் உலக சுகாதாரப் பேரவை நிறைவேற்றிய தீர்மானமும் இதனைக் குணப்படுத்த இயலாத நாட்பட்ட நோய் என்றே குறிப்பிட்டது. ஆனால் நன்றாக அடக்கி வைக்கலாம். அப்பெண்ணுக்கு முதலில் சாலிசிலிக் அமிலம் கலந்த மருந்தால் செதிலை ஊறவைத்து நெகிழ்த்தினார்கள். பிறகு நிலக்கரித்தார் ஷாம்பு, அதன்பின் குறித்த வாரங்களுக்கு மட்டும் ஸ்டீராய்டு திரவம். முடியை வகிர்ந்து, மருந்து முடியில் அன்றித் தோலில் படும்படி இட வேண்டும். அதற்கு வேறொருவர் கை வேண்டும். அந்த வேலையைத் தங்கை ஏற்றுக்கொண்டாள். செதிலை நகத்தால் பெயர்க்கலாகாது.

நோய் கடுமையானால் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை, ஒளிச்சிகிச்சை, புதிய ஊசி மருந்துகள் என்று மேற்படிகள் உண்டு. மெத்தோட்ரெக்சேட் இந்நோய்க்கு வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உண்பது. தவறி நாள்தோறும் உண்டால் உயிருக்கே ஆபத்து. கருவுற்றவர் தொடவே கூடாது. இரத்தப் பரிசோதனையும் அவ்வப்போது வேண்டும். விரைவில் குணம் என்று சொல்லி யாரேனும் ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ தந்தால் எச்சரிக்கையாயிருங்கள். நிறுத்தியதும் நோய் முன்னிலும் சீறி எழக்கூடும்.

மருத்துவரிடம் போகும் அன்று தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள். இதுவரை தடவிய குழாய்களையெல்லாம் வெட்கப்படாமல் ஒரு பையில் கொண்டு போங்கள். இரத்த அழுத்தத்துக்கு உண்ணும் சில மாத்திரைகள்கூட நோயைத் தூண்டும்; அவற்றையும் சொல்லுங்கள். காலையில் விரலோ முழங்காலோ விறைத்து, நெடுநேரம் மடங்க மறுத்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்நோயே மூட்டுகளைத் தாக்குவதுண்டு. தாமதித்தால் மூட்டு உருக்குலையும்.

நான்கு மாதத்தில் செதில் பெரும்பாலும் அடங்கியது. தேர்வுக் காலத்தில் ஒரு முறை திரும்பி வந்தது. மீண்டும் தஞ்சைக்குப் போனாள், மீண்டும் அடங்கியது.

இப்போது வரன் ஒன்று வந்திருக்கிறது. “மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லலாமா, சாமி?” என்று தாயார் கேட்டார். பரம்பரைத் தொடர்பு உண்டு, ஆயினும் பெற்றோரில் ஒருவருக்கு மட்டும் இருந்தால் பிள்ளைகளில் பெரும்பாலோர்க்கு வருவதில்லை என்று மருத்துவர் கூறியதை நினைவூட்டி, ஓலை வாசிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள் என்றேன். தாயார் தயங்கினார். மகள் தயங்கவில்லை, பெண் பார்க்க வந்த அன்று, மருந்துச் சீட்டையே எடுத்து வந்து அந்த இளைஞரிடம் கொடுத்துவிட்டாள். அவர் அதை முழுவதும் படித்துவிட்டு, வாரத்துக்கு எத்தனை நாள் ஷாம்பு போட வேண்டும் என்று கேட்டாராம்.

அவர்கள் வீட்டிலிருந்து மறுமொழி இன்னும் வரவில்லை.